வாசகர் கேள்வி – பதில்: விடைத்தாளைக் கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி: ஐயா, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பிய அந்தப் பெர்மிட் காலத்தில், இங்கிருந்து நாமக்கல்லுக்குத் திரும்பிப் போன என் அத்தையின் பேரன், எனக்கு மகன் முறை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 முதன்மைத் தேர்வை எழுதி, சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்துவிட்டான். எழுதிய விடைத்தாளைக் கேட்டு வாங்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருப்பதாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி வந்தது. அது உண்மையா? அவனுக்காக நான் இங்கிருந்தே மனுப் போடலாமா? நம் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வை எழுதிய என் மகளும் இப்படிக் கேட்க முடியுமா?
– வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர், மலேசியா

பதில்: உங்கள் ஊரின் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பிறகும் நீங்கள் பழைய பெயரிலேயே எழுதியிருப்பது மகிழ்ச்சி.

செய்தி உண்மைதான், ஆனால் பாதிதான் உங்களை வந்து சேர்ந்திருக்கிறது. 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்லும் ‘தகவல்’ என்பதற்குள் அடங்கும் என்றும், எழுதியவர் அதைப் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உடையவர் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாள்களை நம்பிக்கையின் பேரில் காத்து வைத்திருப்பதால் காட்ட இயலாது என்று வாரியம் வாதிட்டது. எழுதியவரிடமிருந்தே அவருடைய தாளை மறைப்பதற்கு அந்த நம்பிக்கையைக் காரணமாகக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. திருத்தியவரின் பெயரும் கையொப்பமும் மட்டும் மறைக்கப்படும். 2016இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழக்கிலும் ஏறக்குறைய இதே முடிவுதான் வந்தது.

புலனத்தில் வராத மறுபாதி 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வு பற்றிய அங்கேஷ் குமார் வழக்கில், மதிப்பெண் விவரங்களைக் கேட்ட மாத்திரத்தில் இயந்திரம்போல் எடுத்துக் கொடுத்துவிட முடியாது, வெளிப்படைத்தன்மையின் தேவையை ஒருபுறமும் இரகசியம் காக்கும் தேவையை மறுபுறமும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. இலட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் ஆணையத்துக்கு உள்ள சிரமம் எனக்கும் புரிகிறது. ஆயினும் ஒருவர் தம் தாளைத் தாமே பார்ப்பதால் எந்த இரகசியம் கெட்டுவிடும் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. உங்கள் உறவினர் எழுதியது மாநில ஆணையத்தின் தேர்வு என்பதால், 2011, 2016 தீர்ப்புகளை மனுவிலேயே சுட்டிக்காட்டிக் கேட்பது நல்லது.

மனுவை நீங்கள் போட முடியாது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை தருகிறது. அவரே 10 ரூபாய் கட்டணத்துடன் ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ அங்கேயே முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். தாமதம் மட்டும் கூடாது. விதிப்படி தாள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் காலம் வரைதான் இந்த உரிமை செல்லும். 2011 வழக்கின் வாரியத்தில் அது வெறும் மூன்று மாதம்.

தாள் கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது? நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மாணவியின் தந்தை, ரப்பர்ப் பால்வெட்டு முடிந்த கையோடு, கட்டித்தட்டிய பால் சட்டையில் ஒட்டியிருக்க, வகுப்பு வாசலில் வந்து நின்றார். புரட்டிப் பார்த்தால், இரண்டு பக்கங்கள் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்க, ஆறாம் கேள்விக்கான விடை என் சிவப்பு மை படாமலே கிடந்தது. தவறு என்னுடையது, அன்றே திருத்திக் கொடுத்தேன். ஆகவே, திருத்தப்படாமல் விடுபட்ட விடை உண்டா, உள்பக்கத்து மதிப்பெண்கள் முதல் பக்கத்துக்குச் சரியாக வந்திருக்கின்றனவா, கூட்டல் சரியா என்பதையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ‘இந்த விடைக்கு எட்டுக்குப் பதில் பத்து கொடுத்திருக்கலாம்’ என்ற வாதம் அநேகமாக எடுபடாது. பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீடு கேட்கும் உரிமை வேறு என்பதை 2011 தீர்ப்பே தெளிவாகப் பிரித்துவிட்டது.

இனி உங்கள் மகள். அந்தத் தீர்ப்புகள் எவையும் கடல் கடந்து இங்கே செல்லா. கூட்டரசு அளவில் நமக்குத் தகவல் உரிமைச் சட்டம் இல்லை. இருப்பது 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம், அது எதிர்த்திசையில் செல்வது. நீங்கள் சிலாங்கூர்க்காரர் என்பதால், மாநிலச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் உங்கள் நினைவுக்கு வரலாம். மாவட்ட நில அலுவலகக் கோப்பைக் கேட்க அது உதவும். அரசமைப்பின் 139ஆம் பிரிவின்கீழ் இயங்கும் பொதுச் சேவை ஆணையம் கூட்டரசு அமைப்பு, மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மறு பரிசீலனைக்கு விண்ணப்பிக்க வழி இருப்பது உண்மை. அதிலும் மாணவர் கைக்கு வருவது முடிவுதானே தவிர, தாள் அன்று.

சட்டம் இல்லை என்பதற்காகக் கேட்கவே கூடாது என்று பொருளில்லை. மகளையே அடையாள அட்டை எண்ணும் தேர்வு நாளும் குறித்து, எந்தப் பகுதியில் எவ்வளவு பெற்றார் என்று மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஒரு படியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.