ஒரே இரவுதான் வர முடியுமென்றால்: பன்றி வேட்டை இரவு

போன முறை அண்ணமார் கதை, அதாவது பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் கதையைக் கோயிலில் பாடுவது, ஒன்றும் புரியவில்லை, இந்த முறை எந்த இரவுக்கு வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். பையனுடன் ஒரே ஒரு இரவுதான் வர முடியுமென்றால், கொம்பன் வேட்டை நடக்கும் இரவுக்கு வாருங்கள். கொம்பன் என்ற ராட்சசப் பன்றி, அதை எதிர்க்கும் பொன்னாச்சி என்ற சின்ன நாய், ஆவேசத்தோடு சங்கர். முன்கதை தெரியாத பிள்ளையும் கண் கொட்டாமல் பார்ப்பான்.

போன முறை ஒன்றும் புரியாமல் எழுந்து வந்ததற்குக் காரணம், நடுக்கதையில் போய் உட்கார்ந்ததாகத்தான் இருக்கும். அண்ணமார் கதை பல இரவுகள் ஓடும். சகோதரர்களின் பெற்றோரான குன்னுடையான், தாமரை காலத்துக் கதை முதலிலேயே முடிந்துவிடும். யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள்.

உடுக்கை அடித்துப் பாடும்போது வரிகள் பிடிபடவில்லையா? விடுங்கள், எனக்கும் பாதிதான் பிடிபடும். பாட்டு நின்றதும் வசனம் வரும், பாடிய சங்கதி அதில் பேச்சாக வந்துவிடும். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மட்டும் உட்காராதீர்கள்.

கிளம்பும் முன் கோயில்காரர்களிடம் "இன்னைக்கு எந்தக் கட்டமுங்க?" என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் கதையைச் சுருக்குவதும் நீட்டுவதும் உண்டு.

ஒன்று மட்டும் கவனம். சகோதரர்கள் களத்தில் மாளும் படுகளத்தன்று பார்க்க வந்தவர்களே அருள் வந்து சாய்வார்கள். வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தி, அப்புறம் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். பையன் பயப்படலாம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.