தராசுக்குப் போட்ட ஓட்டு எங்கே போனது?

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள தாப்பா. அப்பா எப்போதும் பாரிசான் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்குத்தான் போடுவார். நான் 2022-இல் முதல்முறையாக ஓட்டுப் போட்டேன், அன்வார் இப்ராகிமும் ஜ.செ.க.வும் (ஜனநாயகச் செயல் கட்சி) இருந்த பக்காத்தான் கூட்டணிக்கு. அந்தத் தேர்தல் முடியும்வரை வீட்டில் சண்டைதான். ‘அன்வாரும் வேண்டாம், ஜ.செ.க.வும் வேண்டாம்’ என்று பாரிசானின் பெரிய கட்சியான அம்னோ மேடைக்கு மேடை சொன்னதை அப்பா என்னிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் அவர் கட்சியும் என் கட்சியும் ஒரே அரசாங்கம்! இருவருமே ஏமாந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். யார் யாரோடு சேருவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? இல்லை, எல்லாம் இரவோடு இரவாக நடக்கும் பேரம்தானா?

தாப்பாவிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முழுதாகக் கணிக்க முடியாது. ஆனால் ஓட்டுப் போட்ட மறுநாள் காலையிலேயே பாதிக்கு மேல் சொல்லியிருக்கலாம். நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். அடுத்த மேசையில் ஒரு பெரியவர் பில் தாளின் பின்பக்கம் பேனாவால் கூட்டிக்கொண்டிருந்தார். 82, அதன் கீழே 30. கோடு போட்டு 112 என்று எழுதி, இரண்டு முறை வட்டமிட்டார். அப்புறம் ‘ம்ஹூம், இது நடக்காது’ என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடை அவர் பையிலேயே இருந்தது. மேடையில் கேட்ட பேச்சுதான் அதை நம்ப விடவில்லை.

நாடாளுமன்றத்தில் 222 இடங்கள், ஆட்சிக்கு 112 வேண்டும். மூடா கட்சியின் ஓர் இடத்தையும் சேர்த்துப் பக்காத்தானுக்கு 82. எதிர்க்கூட்டணியான பெரிக்காத்தானுக்கு அன்று 73, பாடாங் செராயில் பிறகு நடந்த தேர்தலோடு 74. பாரிசானுக்கு 30, சரவாக்கின் ஜி.பி.எஸ்.ஸுக்கு 23, சபாவின் ஜி.ஆர்.எஸ்.ஸுக்கு 6, வாரிசானுக்கு 3. பெரிக்காத்தானோடு சரவாக், சபா கூட்டணிகள் இரண்டும் போனால்கூட நூறை ஒட்டித்தான் நிற்கும். அதே இரண்டும் பக்காத்தானோடு போனால் 111, ஒன்று குறைகிறது. வாரிசானையும் இழுத்தால் தேறும், ஆனால் அது சபாவில் ஜி.ஆர்.எஸ்.ஸுக்கு எதிர் முகாம். ஆக, யார் பிரதமரானாலும் பாரிசானின் 30 இல்லாமல் நிம்மதியாக ஆள முடியாது. இவ்வளவும் வெறும் கூட்டல்தான்.

அப்படியானால் அந்த 30 எந்தப் பக்கம் போகும்? இங்கேதான் எல்லோரும் கொள்கையைப் பார்த்தார்கள். அம்னோவும், பெரிக்காத்தானில் இருந்த பெர்சத்துவும் மலாய்க் கட்சிகள், ஒரே மொழி பேசுபவர்கள், அதனால் அங்கேதான் போகும் என்றார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்வேன். உன் ஓட்டைச் சாப்பிடுபவன் யார் என்று ஒவ்வொரு கட்சியையும் கேட்டுப் பாருங்கள். பெர்சத்து 2016-இல் அம்னோவிலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய கட்சி. அம்னோவுக்குப் போடும் அதே மலாய்க் குடும்பத்தின் ஓட்டைத்தான் அது கேட்கிறது. இருவரும் ஒரே அரசாங்கத்தில் இருந்து பார்த்ததும் உண்டு. 2021 ஆகஸ்டில் அம்னோ எம்.பி.க்களில் ஒரு பகுதியினர் ஆதரவை விலக்கிக்கொள்ள, பெர்சத்து தலைவர் முஹிடின் யாசின் பிரதமர் பதவியை விட்டார். அந்தக் காயம் பட்டு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 26 இடங்களுக்குச் சுருங்கிப்போன அம்னோ, பெரிக்காத்தானோடு சேர்ந்திருந்தால் அடுத்த தேர்தலில் இன்னும் சுருங்கியிருக்கும். ஜ.செ.க.வோடு சேர்ந்தால் மேடையில் பதில் சொல்ல முடியாமல் தவிக்கலாம். ஆனால் ஜ.செ.க. வந்து அம்னோவின் கிராமத்தைப் பிடித்துவிடப் போவதில்லை. திட்டு வாங்குவதும் வீட்டை இழப்பதும் ஒன்றல்ல.

அந்த ஐந்து நாள்களை நினைத்துப் பாருங்கள். 20-ஆம் தேதி ஜி.பி.எஸ். பெரிக்காத்தான் பக்கம் சாய்ந்தது. 21-ஆம் தேதி பக்காத்தான், பாரிசான் தலைவர்கள் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். 22-ஆம் தேதி பாரிசான் யாருக்கும் ஆதரவில்லை என்றது. அன்று மாமன்னர் அன்வாரையும் முஹிடினையும் அழைத்து, சேர்ந்து ஓர் ஒற்றுமை அரசாங்கம் அமையுங்கள் என்றார். முஹிடின் மறுத்துவிட்டார். என்னைக் கேட்டால் ஆட்டம் முடிந்தது அங்கேதான். 24-ஆம் தேதி அம்னோ உச்சமன்றம் சொன்ன வாக்கியத்தைக் கவனியுங்கள்: பெரிக்காத்தான் தலைமை தாங்காத ஒற்றுமை அரசாங்கத்துக்கு ஆதரவு. அன்வாரை ஆதரிக்கிறோம் என்பதைவிட யாரை வரவிடக் கூடாது என்பதுதான் அதில் முன்னால் நிற்கிறது. அன்று மாலையே அன்வார் பதவியேற்றார்.

சரவாக்கைப் பற்றி இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஜி.பி.எஸ்.ஸின் வேர் முழுக்க சரவாக்கில். மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் யார் உட்கார்ந்தாலும் அவரோடு இருந்தால்தான் நிதியும் 1963 மலேசிய ஒப்பந்த உரிமைகளும் பேச முடியும். ஜெயிக்கும் பக்கம் தெரிந்ததும் வந்துவிட்டார்கள். சபாவும் அப்படித்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வில்லியம் ரைக்கர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1962-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஜெயிக்கப் போதுமான அளவுக்கு மேல் யாரையும் கூட்டணியில் சேர்க்க மாட்டார்கள், ஆள் கூடினால் பங்கு குறையும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப்படி பெரியவர் வட்டமிட்ட 112-ஓடு நின்றிருக்க வேண்டும். ஆனால் அன்வார் 148 பேரைச் சேர்த்தார். சரியாக மூன்றில் இரண்டு பங்கு. 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் ஹோட்டலில் கூடியவர்கள் பக்காத்தான் ஆட்சியையே கவிழ்த்ததை அவர் மறந்திருக்க முடியாது. 112 பேரோடு ஆண்டால் ஒவ்வொரு எம்.பி.யும் ஒரு மிரட்டல். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனி ஆளைத்தான் பிடிக்கும், கட்சியே மொத்தமாக இடம் மாறினால் ஒன்றும் செய்யாது. அதனால்தான் டிசம்பர் 16-ஆம் தேதி கட்சிகளையே உட்காரவைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நம்மைப்போல ஒருமுறை ஆட்சி கவிழ்ந்த நாட்டில், தேவைக்கு மேல் ஆள் சேர்ப்பார்கள் என்றே கணியுங்கள்.

ஏமாந்ததாகச் சொல்கிறீர்கள். கூட்டணி அமைந்ததில் ஏமாற்று இல்லை தம்பி. நாம் யாருக்கும் 112 கொடுக்கவில்லை, யாராவது யாரோடாவது சேர்ந்துதான் ஆக வேண்டும். என் கோபமெல்லாம் அந்த முழக்கத்தின் மேல்தான். தொங்கு நாடாளுமன்றம் வரலாம் என்று தெரிந்தே, ஒருபோதும் சேரமாட்டோம் என்று உங்கள் அப்பாவிடம் சத்தியம் செய்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பில் தாளில் இருந்த அந்த 112-இல் தாப்பாவும் ஒன்று. தீபகற்பத்தில் பாரிசானின் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஜெயித்த ஒரே இடம். அது இல்லாமல் 82-ம் 29-ம் 111-தான். ஆனாலும் முதல் அமைச்சரவையில் ம.இ.கா.வுக்கு அமைச்சர் பதவி கிடைக்கவில்லை. தாப்பா எம்.பி. சரவணன் அதுவரை வகித்த மனிதவள அமைச்சு, பத்து காஜா எம்.பி. சிவகுமாருக்குப் போனது. அவர் ஜ.செ.க. பாரிசானின் 30 என்ற மூட்டைக்குள் கட்டிப் போட்டுவிட்டதால், ம.இ.கா. அந்த ஓர் இடத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பேரம் பேச முடியவில்லை. சின்னக் கட்சிக்கு என்ன கிடைக்கும் என்று கணிக்கும்போது, அதற்கு எத்தனை இடம் என்பதோடு, அதைத் தனியாக எண்ணுகிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்த தேர்தலில் உங்கள் ஊரில் செராமா என்ற பிரசாரக் கூட்டம் நடக்கும்போது அப்பாவும் நீங்களும் சேர்ந்தே போங்கள். ‘யாரோடு சேரமாட்டீர்கள்?’ என்று கேட்காதீர்கள், அதற்குக் கைதட்டல் வாங்கும் பதில்தான் வரும். ‘112 கிடைக்காவிட்டால் முதல் போன் யாருக்கு?’ என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா