தகர யானை, நூல் உருண்டை, ஒரு பேஸ்போல் மெட்ச்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில, மகள்ட வீட்ட நியூ ஜேர்சியில நிண்ட நேரம் பார்த்த சில விசித்திரமான இடங்களப் பற்றி ரெண்டு மூண்டு வரி எழுதினன். அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்ஸப் எல்லாம் அமெரிக்காவப் பற்றித்தான். திருகோணமலையில வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில இருக்கேக்க இதில ஆச்சரியம் ஒண்டுமில்ல. அதால இந்த முறை காணிப் பிரச்சினை, கலியாணப் பிரச்சினை எல்லாத்தையும் தள்ளி வச்சிருக்கிறன், கோவிக்காதேங்கோ.

மகன் நியூ ஜேர்சியில. போன முறை போனபோது நயாகரா பார்த்தம், வோல்மார்ட் பார்த்தம், மிச்ச நாள் முழுக்க வீட்டுச் சுவரப் பார்த்தம். இந்த ஜூனில திரும்பப் போறம். இவருக்கு முழங்கால் நோ. ஒரு நாளில போய்ட்டு வாற மாதிரி என்ன இருக்கு?
(உப்புவெளி வாசகி)

அம்மா, நீங்க இருக்கிறது நல்ல இடம். முதல்ல லூசியப் போய்ப் பாருங்கோ. லூசி ஒரு யானை, உயிருள்ள யானை இல்ல, மரத்தால கட்டி மேல தகரம் அடிச்ச 65 அடி உயர யானை, அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில மார்கேட் எண்ட ஊரில கடற்கரையப் பார்த்துக்கொண்டு நிக்குது. 1881இல ஒரு காணி வியாபாரி கட்டினது. அந்த நேரம் அங்க வெறும் மணல், ஆர் வந்து காணி வாங்குவான், அதால யானையக் கட்டி அதுக்கு மேல ஆக்கள ஏத்தி, அந்தா பாருங்கோ உங்கட காணி எண்டு காட்டியிருக்கிறான், எங்கட அலஸ்தோட்டம் காணி புரோக்கர்மாருக்கு இந்த யோசனை இன்னும் வரேல்ல. 1970இல இடிக்கப் போறாங்கள் எண்டவுடன ஊர்ச்சனம் காசு சேர்த்து, யானைய அப்படியே நகர்த்திக் கொண்டுபோய் வேற இடத்தில வச்சு காப்பாத்தினது. இப்ப அது தேசிய வரலாற்றுச் சின்னம். பின்னங்காலுக்குள்ளால சுழல் படி ஏறித்தான் வயித்துக்குள்ள போக வேணும், அதால ஐயா கீழ கடற்காத்து வாங்கிக்கொண்டு இருக்கட்டும், நீங்களும் மகனும் ஏறிப் பாருங்கோ.

ரெண்டாவது, ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரி. இதுக்கு டிக்கெட்டே இல்ல, 1997இல இருந்து இலவசம். மன்ஹட்டன் நுனியில ஏறினா 25 நிமிசம், போகேக்க வலப்பக்கமா இருங்கோ, சுதந்திர தேவி சிலை வடிவாத் தெரியும், இதையே காசு குடுத்து வேற போட்டில போய்ப் பார்க்கிற சனம் லைனில நிக்கும். மூதூருக்கு லோஞ்சில போய் வந்த காலம் ஞாபகம் இருக்கிறாக்களுக்கு இந்தப் பயணம் கட்டாயம் பிடிக்கும். இறங்கினவுடன மற்றாக்கள் எல்லாம் அடுத்த ஃபெரியில திரும்பி ஏறிப் போயிருவாங்கள், நீங்க போகாதேங்கோ. அந்தப் பக்கம் இலங்கை ஆக்கள் கனபேர் இருக்கினம், கொத்து, அப்பம், லம்ப்ரைஸ் எல்லாம் கிடைக்கும், கிட்டத்தான். சாப்பிட்டு முடிச்சு பின்னேரம் அந்தத் துறைக்குப் பக்கத்திலயே இருக்கிற மைதானத்தில ஃபெரிஹோக்ஸ் எண்ட சின்ன டீமின்ட பேஸ்போல் மெட்ச் இருந்தா போய் இருங்கோ. இது பெரிய லீக் இல்ல, ஆனா கடலும் மன்ஹட்டனும் தெரியிற கலரியில இருந்து பார்க்கலாம், டிக்கெட்டும் மலிவு, இரைச்சலும் குறைவு. அமெரிக்கா வாற அம்மா அப்பாமாருக்கு என்ர முதல் சிபாரிசு எப்பவும் இந்த மாதிரிச் சின்ன லீக் மெட்ச்தான், பெரிய மைதானத்துக்கு 150 டொலர் குடுத்து கடைசி மாடியில ஏறி எறும்பு மாதிரி ஆக்களப் பார்த்து மகன்ட காச வீணாக்கிப் போட்டம் எண்டு வழி நெடுக முணுமுணுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பெரிய லீக் பார்க்கத்தான் வேணுமெண்டா குயீன்ஸ் போங்கோ. காலையில ஃபிளஷிங் பிள்ளையார் கோயில், 1977இல கும்பாபிஷேகம் செய்த கோயில், கீழ கன்ரீன் இருக்கு, தோசைக்கு வெள்ளைக்காரனும் லைனில நிப்பான். பிறகு குயீன்ஸ் மியூசியம். அங்க நியூயோர்க் நகரம் முழுக்க, ஏறக்குறைய 8,95,000 கட்டிடம், ஒவ்வொண்டையும் சின்னதாச் செய்து ஒரு பெரிய மண்டபத்தில பரப்பி வச்சிருக்கிறாங்கள், 1964 உலகக் கண்காட்சிக்குச் செய்தது. அதைப் பார்த்தா மன்ஹட்டன் முழுக்க நடந்து திரிய வேண்டிய தேவை இல்ல, முழங்காலுக்கு அதுதான் மருந்து. அதே பார்க்குக்குப் பக்கத்தில சிட்டி ஃபீல்ட், மெட்ஸ் டீமின்ட மைதானம். சாமி, சாப்பாடு, மியூசியம், மெட்ச், எல்லாம் 7ஆம் நம்பர் ரெயின் பாதையில.

நான் பள்ளிக்கூட காலத்தில எல்லே ஆடின ஆள். மகளிட்டப் போகேக்க மருமகன் பேஸ்போலுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிக்கிறார். ஒண்டும் விளங்காம மூண்டு மணித்தியாலம் இருக்கிறது எப்பிடி?
(மூதூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, எல்லே ஆடினவருக்குப் பாதி விளங்கின மாதிரித்தான். எல்லேயில மூண்டு பந்துக்குள்ள அடிக்க வேணும் அல்லோ, இங்கயும் மூண்டு ஸ்ட்ரைக், அதாவது அடிக்க வேண்டிய பந்த மூண்டு தரம் தவற விட்டா, ஆள் அவுட். வித்தியாசம் என்னெண்டா, எல்லேயில ஓடுறவனப் பந்தால எறிஞ்சு விழுத்துவம், பேஸ்போலில அது சரிவராது, பந்தக் கையில வச்சுக்கொண்டு ஆளத் தொட வேணும், இல்லாட்டி அவன் கட்டாயம் ஓடிப் போய்ச் சேர வேண்டிய இடத்த, அதுக்குப் பேர் பேஸ், முந்திக்கொண்டு மிதிக்க வேணும். மூண்டு பேர் அவுட்டானா மற்ற டீம் அடிக்க வரும், இப்படி 9 இன்னிங்ஸ். சமநிலை எண்ட கதையே இல்ல, சமமா நிண்டா ஆராவது வெல்லும் வரைக்கும் ஆட வேண்டியதுதான்.

கிரிக்கெட் கண்ணோட பார்த்தா ரெண்டு விசயம் உங்களுக்கு எரிச்சலா இருக்கும். ஒண்டு, பின்னுக்கு அடிக்கேலாது, முன்னால ரெண்டு கோடு இருக்கு, அதுக்கு வெளிய போனா ஃபவுல், அர்ஜுனவின்ட லேட் கட் எல்லாம் இங்க சல்லிக் காசுக்கு உதவாது. மற்றது, அடிக்கிறவன் எப்ப பார்த்தாலும் அவுட்டாகிறான். அதுக்குக் காரணம் இருக்கு. மட்டை உருண்டை, பந்து குத்தி எழும்பாம நேர வரும், 18.44 மீட்டர் தூரத்தில இருந்து, எங்கட கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர், எறியிறவன் நல்லவனா இருந்தா மணிக்கு 150, 160 கிலோமீட்டர் வேகம். அதால 10 தரத்தில 3 தரம் ஒழுங்கா அடிச்சு பேஸ்ஸுக்குப் போறவன அவங்கள் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்கள். ரன் எண்ணாதேங்கோ, எறியிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடக்கிற சண்டையப் பாருங்கோ, அடுத்தது வேகமாப் போடுவானா, வளைச்சுப் போடுவானா எண்டு மருமகனோட பந்தயம் கட்டுங்கோ, நேரம் போறதே தெரியாது.

மூண்டு மணித்தியாலமும் இப்ப இல்ல. 2023இல இருந்து எறியிறவனுக்கு மணிக்கூடு வச்சிட்டாங்கள், பேஸ்ஸில ஆள் இல்லாட்டி 15 செக்கனுக்குள்ள எறியத் தொடங்க வேணும், மெட்ச் சாதாரணமா ரெண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 7ஆவது இன்னிங்ஸ் நடுவில எல்லாரும் எழும்பி நிண்டு பாட்டுப் பாடுவாங்கள், நீங்களும் எழும்புங்கோ, அது தேசிய கீதம் இல்ல, நாரி நிமித்துற நேரம். கலரிக்கு வாற ஃபவுல் பந்தப் பிடிச்சா திருப்பிக் குடுக்கத் தேவையில்ல, உங்களுக்குத்தான். ஆனா எல்லே ஆடின கை எண்டு எழும்பிப் பாயாதேங்கோ, வலைக்குப் பின்னால சீற் எடுக்கச் சொல்லுங்கோ. ஒரு டீம் வருசத்துக்கு 162 மெட்ச் ஆடுது, அதில பாதி சொந்த மைதானத்தில, அதால சனிக்கிழமை வேண்டாம், கிழமை நாளில போங்கோ, விலை நல்லாக் குறையும்.

இன்னுமொண்டு, மருமகன் கிரிக்கெட்டப் பகிடி பண்ணினா சொல்லுங்கோ, உலகத்தின்ட முதலாவது சர்வதேச கிரிக்கெட் மெட்ச் நடந்தது லண்டனில இல்ல, நியூயோர்க்கில, 1844இல, அமெரிக்காவும் கனடாவும்.

அங்க மைதானத்தில சைவச் சாப்பாடு கிடைக்குமோ?
(கோணேசர் அடியார் ஒருவர்)

கடலை, பொப்கோர்ன், உப்புப் போட்ட பிரெட்சல், ஐஸ்கிறீம். ஹொட் டோக் எண்டா கேட்டுப் பார்த்து வாங்குங்கோ, கனக்க மாட்டிறைச்சி. வெளிச் சாப்பாடு, பேக் எல்லாத்துக்கும் மைதானத்துக்கு மைதானம் சட்டம் வேற, பெரிய கைப்பையோட போனா வாசலில மறிப்பாங்கள், போக முன்னம் பிள்ளையள இணையத்தில பார்க்கச் சொல்லுங்கோ.

தம்பி கன்சாஸ் சிட்டியில படிக்கிறான். நான் போய் ஒரு மாதம் நிக்கப் போறன். அங்க சோளத்தத் தவிர ஒண்டுமில்ல எண்டு சொல்றான், உண்மையோ?
(தம்பலகாமம் வாசகி)

தங்கச்சி, தம்பி படிக்கிறான் எண்டு நம்புவம், ஊர் சுத்தேல்ல எண்டு மட்டும் தெரியுது. கன்சாஸ் சிட்டியிலயே கறுப்பின ஆட்டக்காரரின்ட லீக்குகளுக்கு ஒரு மியூசியம் இருக்கு, நீக்ரோ லீக்ஸ் பேஸ்போல் மியூசியம், 1990இல தொடங்கினது. பேஸ்போல் ஒரு துளியும் பிடிக்காதாக்களும் பார்க்க வேண்டிய இடம். வெள்ளைக்காரன்ட லீக்கில சேர்க்காத காலத்தில அவங்கள் தனி லீக் நடத்தினாங்கள். உள்ள ஒரு சின்ன மைதானம், அதில பெரிய ஆட்டக்காரரின்ட வெண்கலச் சிலை நிக்குது, ஆனா போனவுடன கிட்டப் போகேலாது, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நிண்டுதான் பார்க்கலாம், முழுக் கதையையும் நடந்து வாசிச்சு முடிச்சாப் பிறகுதான் மைதானத்துக்குள்ள விடுவாங்கள். ஏன் அப்பிடி வச்சிருக்கெண்டு ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல. இந்த ஊர் டீமில ஆடின ஜக்கி ரொபின்சன்தான் 1947 ஏப்ரல் 15 அந்தத் தடைய உடைச்சு பெரிய லீக்குக்குள்ள காலடி வச்சவர், இப்பவும் அந்தத் திகதியில எல்லா ஆட்டக்காரரும் அவர்ட 42ஆம் நம்பரப் போட்டுத்தான் இறங்குவினம்.

கார் இருந்தா ஒரு நாள் விடிய வெளிக்கிட்டு கோக்கர் சிட்டி போய் வாங்கோ. ஒரு கமக்காரன் 1953இல வைக்கோல் கட்டுற மிச்ச நூல உருண்டையாச் சுத்தத் தொடங்கினவர், இப்ப அந்த உருண்டை 9 தொன்னுக்கு மேல. போற ஆக்களும் துண்டு நூல் சுத்தலாம். மினசோட்டா மாநிலத்தில டார்வின் எண்ட ஊர்க்காரர் எங்கட உருண்டைதான் பெரிசு, தனி ஒருத்தன் 29 வருசம் சுத்தினது எண்டு சண்டை பிடிப்பினம். அஞ்சு நிமிசத்தில பார்த்து முடிஞ்சிரும், ஆனா அந்த ஊர்ச்சனத்தோட கதைச்சுக்கொண்டு நிண்டா அரைநாள் போயிரும், அதுக்குத்தான் போறது.

ரெண்டு மூண்டு நாள் கிடைச்சா சவுத் டகோட்டா. மிச்செலில சோளப் பொத்தியால சுவர் முழுக்கப் படம் செய்யிற மாளிகை, படம் மாத்தி மாத்திச் செய்வாங்கள். அங்கால வோல் எண்ட ஊரில ஒரு மருந்துக்கடை, 1931இல வாங்கின புருசன் பெண்சாதிக்கு யாவாரமே இல்ல, றோட்டில போறாக்களுக்கு ஐஸ் தண்ணி இலவசம் எண்டு போர்ட் வச்சினம், அதோட சனம் குவிஞ்சு இப்ப அது ஒரு ஊர் அளவு கடை. திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுற எங்களுக்கு இது ஒரு புதினமோ, ஆனா நாங்க அதில கடை வைக்க யோசிக்கேல்ல.

பொஸ்டன்? மூத்தவன் அங்க.
(நிலாவெளி)

ஃபென்வே பார்க், 1912இல திறந்த பேஸ்போல் மைதானம். இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். மற்றப் பக்கம் பச்சை சீற்றுகளுக்கு நடுவில ஒரேயொரு சிவப்பு சீற் இருக்கு, 1946இல பொஸ்டன் டீமின்ட டெட் வில்லியம்ஸ் அடிச்ச பந்து 502 அடி பறந்து அதில இருந்தவர்ட வைக்கோல் தொப்பியில விழுந்தது. அடுத்த நாள் ரெயினில சேலம், 1692இல சூனியக்காரர் எண்டு 19 பேரத் தூக்கில போட்ட ஊர். ஒக்டோபரில மட்டும் போகாதேங்கோ, நல்லூர்த் தேர் தோத்துப் போகும்.

கன்னியா வெந்நீரூற்று இருக்கு, புறாமலை இருக்கு, கோட்டைக்குள்ள மான் இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு அமெரிக்காவின்ட நூல் உருண்டைய எழுதுறீங்களே, வெக்கமா இல்லையா?
(பெயர் போடாதவர்)

இல்ல. ஆனா கன்னியாவச் சொன்னதால ஒண்டு சொல்றன். ஆர்கன்சோவில ஹொட் ஸ்பிரிங்ஸ் எண்டே ஒரு ஊர், 47 வெந்நீரூற்று, தண்ணி சராசரி 62 பாகை செல்சியஸ், வாளியால அள்ளித் தலையில ஊத்தினா உரிஞ்சு போயிரும், ஆறவிட்டுத்தான் குளிப்பு மண்டபங்களில விடுறாங்கள். தெருவோர பைப்பில சனம் கான் கானா இலவசமாப் பிடிச்சுக்கொண்டு போகும். 1886இல சிக்காகோ பேஸ்போல் டீம், குளிர்காலத்தில குடிச்சுப் பெருத்த உடம்ப இந்தத் தண்ணியில அவிச்சு எடுக்க வந்தது, பிறகு மற்ற டீமுகளும் வரத் தொடங்கி, சீசனுக்கு முந்தின பயிற்சிக்கு அது பெயர் போன இடமாப் போச்சு. 1918இல பேப் ரூத் எண்ட பேர்போன பேஸ்போல் ஆட்டக்காரர் அங்க அடிச்ச ஒரு அடி மைதானத்தத் தாண்டி, றோட்டத் தாண்டி, முதலைப் பண்ணைக்குள்ள விழுந்தது, 573 அடி எண்டு ஊர்க்காரர் சொல்லுவினம். முதலைப் பண்ணை இப்பவும் இருக்கு. ஊருக்குள்ள எந்த ஆட்டக்காரன் எங்க தங்கினான், எங்க குளிச்சான் எண்டு இடத்துக்கு இடம் பலகை வச்சிருக்கிறாங்கள். கன்னியாவில ஏழு கிணத்துக்கும் ஏழு கதை இருக்கு, ஒழுங்கா ஒரு பலகை வைக்கச் சொல்லி நீங்க எழுதுங்கோ, அடுத்த இதழில முதல் பக்கத்தில போடுறன்.

பேரனுக்கு ஒரு பேஸ்போல் மட்டை வாங்கிக்கொண்டு வரலாமோ?
(சீனக்குடா)

ஓம். கென்டக்கியில லூயிவில் பக்கம் போனா மட்டை செய்யிற ஃபெக்டரியப் பார்க்கலாம், வாசலில 120 அடி இரும்பு மட்டை ஒண்டு கட்டிடத்தில சாய்ஞ்சு நிக்கும், சுத்திப் பார்த்து முடியேக்க சின்ன மட்டை ஒண்டு சும்மா தருவாங்கள். ஆனா சின்னனோ பெரிசோ, பிளேனுக்குள்ள கையில கொண்டு போக விடமாட்டாங்கள், பெரிய சூட்கேசுக்குள்ள வைங்கோ.