ஏப்ரல் ஏரியும் இறகு கட்டிய முள்ளும்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்தில் பிரிஸ்டல் போயிருந்தோம். ஏப்ரலில் ஒரு நாள் மருமகன் பக்கத்திலுள்ள பிளாக்டன் ஏரிக்கு அழைத்துப்போனார். காலையிலிருந்து மாலைவரை படகில் உட்கார்ந்து, இறகு கட்டிய தூண்டில் முள்ளை வீசிக்கொண்டே இருந்தார். படகைக்கூட ஓரிடத்தில் நிறுத்தவில்லை, காற்றோடு போகவிட்டார். கிடைத்தது டிரௌட் என்ற குளிர்நீர் மீன் இரண்டு. அதிலும் ஒன்றைத் திரும்ப விட்டுவிட்டார். கொரட்டூர் ஏரியில் மண்புழு கோத்துப் போட்டால் அரை மணியில் நாலு ஜிலேபிக் கெண்டை வரும். வசதி படைத்தவர்களின் வீம்பு என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

ஆர்.வி., கொரட்டூர்

அன்புள்ள ஆர்.வி. அவர்களுக்கு,

வீம்பு கொஞ்சம் உண்டுதான். ஆனால் ஏப்ரல் மாதத்து ஏரியில் உங்கள் மண்புழுவை டிரௌட் திரும்பிப் பார்க்காமலே போகவும் கூடும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ரத்தப்புழு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத கைரோனோமிட் என்ற பூச்சியின் புழு அது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதால் உடம்பில் ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது, அந்தச் சிவப்பு அதனால்தான். கூட்டுப்புழுவானதும் சேற்றை விட்டு மெல்ல மேலேறும். நீர்ப்பரப்பைத் தொட்டதும் முதுகு பிளந்து பூச்சி பறந்துவிடும். நம் ஏரிக்கரை விளக்குகளை மாலையில் மொய்ப்பவற்றில் இந்த இனமும் உண்டு. அங்கே வசந்தத்தில் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது இவை கூட்டம் கூட்டமாக மேலே வருகின்றன. டிரௌட் நடுநீரில் நின்று இவற்றையே தின்றுகொண்டிருக்கும்போது அடியில் கிடக்கும் புழுவை யார் தேடுவார்கள்?

மருமகனின் பெட்டியை அடுத்த முறை திறந்து பாருங்கள். முள்ளின்மேல் கறுப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருக்கும், அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி இடைவெளி விட்டு ஓடும், தலையில் வெள்ளைக் குஞ்சம் ஒன்று. எல்லாம் அந்தக் கூட்டுப்புழுவின் சாயல்: நூல் உடம்பு, கம்பி அதன் வளையங்கள், குஞ்சம் கூட்டுப்புழு மூச்சுவிடும் இழைகள். ஒரு நெல்மணி அளவுதான். இவ்வளவு லேசான பொருள் எறிந்தால் போகாது. அதனால் தடித்த தூண்டில் நூலைத்தான் வீசுகிறார்கள், முள் அதன் பின்னால் போகிறது. நம் தூண்டிலில் ஈயக்குண்டு செய்கிற வேலையை அங்கே நூலே செய்கிறது.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அதைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, முன்பக்கம் வீசுவது வழக்கம். மேல்நீரில் மேயும் டிரௌட் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே வரும்; படகு அதை நோக்கிப் போகிறது. காற்று மிஞ்சினால் தண்ணீருக்குள் குடைபோல் விரியும் துணியைப் போட்டு வேகத்தைக் குறைப்பார்கள். நீங்கள் சும்மா மிதந்ததாக நினைத்த நேரமெல்லாம் ஏரியைத் துழாவிக்கொண்டிருந்தீர்கள்.

கொரட்டூரில் டிரௌட்டுக்கு வழியில்லை. தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு உயிராபத்து, நம் கோடையோ 30-ஐ எளிதில் தொடும். 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான். இங்கே பார்க்க விரும்பினால் நீலகிரிதான். 1863-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து டிரௌட் முட்டைகளை அங்கே கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. போவதற்கு முன் மீன்வளத் துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்ததைத் திரும்ப விடுவதில் மட்டும் நான் உங்கள் கட்சி. தின்பதற்கில்லை என்றால் அதன் வாயில் முள்ளை ஏற்றுவானேன்? அடுத்த முறை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குழம்பு வேண்டாம், சதை உதிர்ந்துவிடும். மிளகு தடவி வறுத்தால் நன்றாக இருக்கும்.