ஒரு வட்டாரத்தின் மழை, வெப்பம், வறட்சி ஆகியவற்றைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணிப்பது எப்படி?

ஒரு வட்டாரத்தில் மழை குறைகிறதா, வெப்பம் கூடுகிறதா, வறட்சி முன்பைவிட அடிக்கடி வருகிறதா என்பதை எப்படிக் கண்காணிப்பது, அதற்கு எந்தக் குறியீட்டை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். வானிலைப் பதிவேடுகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பதால், குறியீட்டுக்கு முன்னால் பதிவைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. ஓர் இடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் நீர் கிடைக்காமல் போவதைத்தான் வறட்சி என்கிறோம். வழக்கம் எது என்று சொல்லும் பழைய பதிவில் பிழை இருந்தால், அதன் மேல் போடும் கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயன் தராது.

மழைப் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது, வெற்றிடமும் சுழியமும் தனித்தனியாக இருக்கின்றனவா என்பது. மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அளவு எடுக்கப்படாத நாளை வெற்றாக விட வேண்டும். பல பதிவேடுகள் கணினிக்கு ஏறும்போது இந்த வெற்றிடங்கள் எல்லாம் சுழியங்களாகிவிடுகின்றன. அதன் பிறகு மழைமானி பழுதாகிக் கிடந்த ஒரு மாதமும் ஒரு துளி பெய்யாத மாதமும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். இன்னொரு வகைப் பிழை விடுமுறை நாட்களில் நேர்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 0 என்றும் திங்கள்கிழமை 64 மில்லிமீட்டர் என்றும் ஒரு பதிவு இருந்தால், அது மூன்று நாள் மழை ஒரே நாளில் குறிக்கப்பட்டதாக இருக்கலாம். மாத மொத்தத்துக்கு இதனால் கேடில்லை. ஆனால் கனமழை நாட்கள் பெருகுகின்றனவா என்று ஆராய்பவருக்கு இல்லாத ஒரு கனமழை நாள் கிடைத்துவிடும். கிழமைவாரியாக மழை நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு கிழமை மட்டும் தனித்து உயர்ந்து நின்றால் காரணம் வானத்தில் இருக்க வாய்ப்பு குறைவு.

வெப்பநிலைப் பதிவில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. உச்ச வெப்பமானி, கடைசியாக மீட்டமைத்த நேரத்திலிருந்து எட்டப்பட்ட மிக உயர்ந்த அளவைக் காட்டும். மாலை ஐந்து மணிக்கு அளவு குறித்து மீட்டமைக்கும் நிலையத்தில், கடும் வெயில் அடித்த நாளின் அந்த நேரத்தில் காற்று இன்னும் 38 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் குளிர்ந்த காற்று வந்து வெப்பம் 33 டிகிரியைத் தாண்டாவிட்டாலும், மறுநாள் கணக்கில் 38 என்றே ஏறும். ஒரே வெயில் இரண்டு நாட்களில் எண்ணப்படும். காலையில் அளவெடுக்கும் நிலையத்தில் இதே காரணத்தால் குளிர்ந்த விடியற்காலை இருமுறை எண்ணப்படலாம். அமெரிக்காவில் பல நிலையங்கள் மாலை நேரத்திலிருந்து காலை நேரத்துக்கு மாறியதால், உண்மையில் இல்லாத ஒரு குளிர்ச்சி அந்நாட்டுப் பழைய பதிவுகளில் புகுந்தது. பிறகு அதைக் கணக்கிட்டுத் திருத்தினார்கள். எனவே கருவி எப்போது மாற்றப்பட்டது, நிலையம் இடம் பெயர்ந்ததா, எந்த நேரத்தில் அளவெடுத்தார்கள், அருகில் கட்டடமோ மரமோ எழுந்ததா என்னும் குறிப்புகள் எண்களுக்குச் சமமாக முக்கியமானவை. குறிப்புகள் கிடைக்காத இடத்தில், அண்டை நிலையங்களின் திரண்ட மழையை (ஆண்டுக்காண்டு கூட்டிக்கொண்டே போகும் மொத்தத்தை) ஓர் அச்சிலும் உங்கள் நிலையத்தின் திரண்ட மழையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைந்து பாருங்கள். கோடு நேராகச் செல்ல வேண்டும். ஓர் ஆண்டில் திடீரென்று சாய்வு மாறினால், அந்த ஆண்டில் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது பதிவின் நீளம். உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை இயல்பு என்று கொள்கிறது. இப்போது நடைமுறையில் உள்ளது 1991 முதல் 2020 வரையிலான காலம். முப்பது ஆண்டுகளும் சில இடங்களில் ஏமாற்றும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1950களில் நல்ல மழை பெய்தது, 1970களிலும் 1980களிலும் கொடிய வறட்சி நிலவியது, பின்னர் மழை ஓரளவு மீண்டது. 1950இல் தொடங்கிக் கோடு வரைந்தால் மழை குறைகிறது. 1984இல் தொடங்கினால் கூடுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் கொலராடோ ஆற்று நீரை 1922இல் பங்கிட்டபோது கையில் இருந்தது, வழக்கத்துக்கு மாறாக ஈரமாக இருந்த சில பத்தாண்டுகளின் பதிவுதான். மர வளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டுகளின் நீரோட்டத்தைப் பின்னர் கணித்தபோது, ஆறு தரக்கூடியதைவிட அதிக நீரைப் பங்கு போட்டிருப்பது தெரிய வந்தது. அதன் விளைவை அந்த மாநிலங்கள் இன்றும் சுமக்கின்றன.

இனி குறியீட்டுக்கு வருவோம். தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீடு, அதாவது எஸ்.பி.ஐ. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் ஆகியோர் 1993இல் வெளியிட்ட இதற்கு மழை அளவு ஒன்றே போதும். கடந்த மூன்று மாத மழையைக் கூட்டி, முந்தைய எல்லா ஆண்டுகளிலும் அதே மூன்று மாதங்களில் பெய்த மழையோடு ஒப்பிட்டு, இவ்வளவு குறைவு எத்தனை அரிது என்பதை ஓர் எண்ணாக அது சொல்லும். சுழியம் என்றால் இயல்பு, அதற்குக் கீழே போனால் இயல்பைவிடக் குறைந்த மழை. −1 முதல் மிதமான வறட்சி, −1.5 முதல் கடுமையானது, −2 முதல் மிகக் கடுமையானது. 100 மில்லிமீட்டர் குறைவு என்பது ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் பெரிதாகத் தெரியாது, 400 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் பெரும் இழப்பு; இந்த வேறுபாட்டைக் குறியீடு தானாகவே கவனித்துக்கொள்கிறது. மேல்மண் ஈரத்துக்கு ஒன்று முதல் மூன்று மாதக் கணக்கும், ஆறுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் கணக்கும், நிலத்தடி நீருக்கு அதைவிட நீண்ட கணக்கும் பொருந்தும். வழக்கமாகவே மழை இல்லாத மாதங்களுக்கு ஒரு மாதக் குறியீட்டைப் போடாதீர்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடே பெரிய எண்ணாக உப்பிவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எந்த இடத்தை எடுத்தாலும், ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு மாதங்கள் −1க்குக் கீழே விழும்படிதான் இந்தக் குறியீடு அமைக்கப்பட்டிருக்கிறது. இயல்பு எது என்று ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காலத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால், வறட்சி பெருகியிருந்தாலும் அது புதிய இயல்புக்குள் கரைந்து மறைந்துவிடும். நீண்டகால மாற்றத்தை ஒப்பிடுவதற்கென்று 1961 முதல் 1990 வரையிலான காலத்தை உலக வானிலை அமைப்பு தனியாக வைத்திருப்பது இதனால்தான். வறட்சி அடிக்கடி வருகிறதா என்ற உங்கள் கேள்விக்கு விடை வேண்டுமானால் அடிப்படைக் காலத்தை நிலையாக வைத்தே தீர வேண்டும்.

மழையை மட்டும் பார்த்தால் வெப்பத்தின் பங்கு விடுபடும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுகிறது. ஈரப்பதம் அதே வேகத்தில் ஏறாத இடத்தில் மண்ணும் பயிரும் கூடுதலாக நீரை இழக்கும். இதற்காக 2010இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், மழையிலிருந்து ஆவியாதல் தேவையை, அதாவது நீர் தாராளமாக இருந்தால் ஆவியாகக்கூடிய அளவை, கழித்துக் கணக்கிடும் எஸ்.பி.ஈ.ஐ. என்னும் குறியீட்டை உருவாக்கினார்கள். ஆவியாதலை வெப்பநிலையிலிருந்து மட்டும் கணிக்கும் எளிய சூத்திரங்கள் வறட்சியை மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்பதால், காற்று, ஈரப்பதம், கதிர்வீச்சு ஆகிய தரவுகள் கிடைக்குமானால் அவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பென்மன்-மான்டீத் முறையையே பயன்படுத்துங்கள்.

நிலையங்கள் அரிதாக உள்ள வட்டாரத்துக்கு, செயற்கைக்கோள் அளவையும் தரை நிலைய அளவையும் இணைத்து 1981 முதல் தரும் சிர்ப்ஸ் என்னும் மழைத் தரவு கைகொடுக்கும். அது மேக உச்சியின் குளிர்ச்சியை வைத்து மழையை மதிப்பிடுவது. மலைச்சரிவுகளில் தாழ்ந்த மேகங்கள் பொழியும் மழையை அது குறைத்துக் காட்டலாம். அருகில் நம்பகமான ஒரு மழைமானி இருந்தால், அதனோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, மாதாந்திர எண்களோடு நிறுத்திவிடாமல் ஒரு வறட்சிப் பட்டியலையும் தயாரியுங்கள். குறியீடு சுழியத்துக்குக் கீழே இறங்கி −1ஐத் தொட்டால், அது இறங்கத் தொடங்கிய மாதமே வறட்சியின் தொடக்கம். மீண்டும் சுழியத்தைத் தாண்டி மேலேறும் மாதம் அதன் முடிவு. இடைப்பட்ட மாதங்களின் எண்களைக் கூட்டினால் அதன் மொத்தக் கடுமை. இதை மூன்று மாதக் குறியீட்டுக்கும் இருபத்துநான்கு மாதக் குறியீட்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரு பருவத்து நல்ல மழைக்குப் பிறகு முதல் பட்டியலில் வறட்சி முடிந்தும் இரண்டாவதில் தொடர்ந்தும் இருப்பது அடிக்கடி நேரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டாம். மேல்மண் நனைந்துவிட்டது, நிலத்தடி நீர் இன்னும் மீளவில்லை என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.