வீட்டுப் பயிற்சித் தாளைச் சிகிச்சையாளரிடமே திருப்பிக் கொண்டுபோகலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கிறோம். நான்கு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். வலது கையும் காலும் இறுக்கமாக இருக்கும். இபிக் (EIPIC, வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டம்) மையத்தில் தினமும் செய்யச் சொல்லி ஒன்பது பயிற்சிகள் தந்திருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் மாமியாரும் பணிப்பெண்ணும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பாதி நாள் பயிற்சி நடப்பதில்லை. சிகிச்சையாளர் கேட்டால் "செய்கிறோம்" என்று சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: பயிற்சித் தாளைச் சிகிச்சையாளரிடமே திருப்பிக் கொண்டுபோகலாம், கொண்டுபோகத்தான் வேண்டும். "செய்கிறோம்" என்று நீங்கள் சொல்லும்போது, பயிற்சி நடந்தும் பலன் இல்லையென்று எண்ணிச் சிகிச்சையாளர் நல்ல திட்டத்தையே மாற்றிவிடக்கூடும். காலை எழுந்தது முதல் இரவு தூங்கும்வரை யார், எப்போது, எவ்வளவு நேரம் பிள்ளையோடு இருக்கிறார்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டி, இந்த ஒன்பதில் விடக்கூடாதவை எவை, அன்றாட வேலையோடு சேர்க்கக்கூடியவை எவை என்று கேளுங்கள்.

பிறகு ஒரே ஓர் இலக்கை நீங்களே சொல்லுங்கள். கனடாவில் உருவான ஓர் அளவுகோலில், பிள்ளை ஒரு செயலை எவ்வளவு நன்றாகச் செய்கிறான், அதில் குடும்பத்துக்கு எவ்வளவு திருப்தி என்பதற்கு 1 முதல் 10 வரை பெற்றோரே மதிப்பெண் தருகிறார்கள். சிகிச்சையாளர் பயன்படுத்தாவிட்டாலும் அந்தக் கேள்விகள் உங்களுக்கு உதவும்.

சட்டை போடுவதையே எடுத்துக்கொள்வோம். இறுக்கமான வலது கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அது கடைசி. தொடக்கத்தில் எல்லாவற்றையும் பாட்டி செய்து, சட்டையை இடுப்புவரை இழுத்துவிடும் கடைசி அசைவை மட்டும் பேரனுக்கு விட்டுவைக்கலாம். அது கைவந்தபின் அதற்கு முந்தைய படி. பள்ளிப் பேருந்து கீழே காத்திருக்கும் காலையில் இது நடக்காது, மாலைக் குளியலுக்குப் பிறகு நடக்கும்.

மாமியாரிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். மருமகள் சொன்னால் ஏறாதது வெளியாள் சொன்னால் ஏறும். ஒருநாள் அவரையும் பணிப்பெண்ணையும் மையத்துக்கு அழைத்துச் சென்று, சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீங்கள் மொழிபெயர்த்து, அனுமதி பெற்று, சிகிச்சையாளர் கை வைக்கும் விதத்தைக் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அச்சிட்ட படத்தைவிட, தம் பேரனின் கையையே காட்டும் ஒரு நிமிடக் காணொளி பாட்டிக்கு எளிதில் புரியும்.

கணுக்கால் தாங்கி கொடுத்திருந்தால், அதை அணியும் நேரத்தை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள். கழற்றி அரை மணி நேரமாகியும் தோலில் சிவப்புத் தடம் மறையவில்லையென்றால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே சிகிச்சையாளருக்குத் தெரிவியுங்கள்.