எந்தத் தெரு என்று கேட்டால் சோறு இறங்கவில்லை

கேள்வி: எனக்கு 8 வயதிருக்கும்போது, ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளரில்தான் டீ. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். இப்போது நான் கோவையில் பொறியாளர். மதியச் சாப்பாட்டின்போது யாராவது “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்குவதில்லை. ஆலோசகர் ஒருவர், “பழையதை மறந்துவிடுங்கள்” என்றார். கோளாறு என்னிடம்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை, தங்கையே. அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் தொண்டை அடைக்கிறது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு நோயாக ஏற்றதற்கு, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரம் முக்கியக் காரணம். அவர்களுக்குப் போர் முடிந்திருந்தது. உங்களுக்கு எங்கே முடிந்தது? டம்ளர் போய்த் தெருப்பெயர் வந்திருக்கிறது. நடந்துகொண்டே இருப்பதை மறக்கச் சொன்னார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனான் 1956இல் வேலையை உதறினார். சுற்றுப்புறத்தோடு ஒட்டி வாழ வைப்பதுதான் மனநல மருத்துவம் என்றால், பிரெஞ்சு ஆட்சி அராபியரைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கி வைத்திருக்கிறதே என்ற பொருளில் ராஜினாமாக் கடிதம் எழுதினார். என் சிகிச்சை அறையில் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் கடிதம் அது.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. படபடப்பு வந்தால் பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். சாதி இதனால் ஒழியாது. கையிலிருக்கும் கவளத்தையாவது உண்ண முடியும். கேட்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வேறு ஆலோசகரைத் தேடுங்கள். சாதி தரும் காயத்தை எப்படிப் பார்க்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நான் ஆதிக்க சாதியில் பிறந்தவள். வருவோரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு வேறொருவரிடம் போனவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. சாதிப் பாகுபாடில்லாத மனநலச் சிகிச்சை, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தரும் உரிமையும்கூட. நடு இரவில் தாங்க முடியாமல் போனால், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. அந்த டம்ளரைப் பற்றி அப்பாவிடம் என்றாவது பேசியிருக்கிறீர்களா? நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதை அவரும் பார்த்திருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இருவருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு திண்ணையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு மனமிருந்தால் பேசட்டும்.